கம்பனி அனுப்பிய ஆஸ்பத்திரி

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. கதைத்தும் பழக்கமில்லை என்று என் மனைவி யோகம் சொல்வாள். ஆனாலும் எனக்கு நடந்ததை எங்கள் ஆட்கள் நாலு பேர் தெரிந்துகொண்டால் நல்லது. இதில் வெட்கப்படும்படியான விஷயங்களும் வரும். அவற்றை விட்டுவிட்டு எழுதுவதென்றால் எழுதாமலே இருக்கலாம்.

ஓஸ்லோவில் ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் துணி தோய்த்துக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். என் வேலை விரிப்புக் கொடுப்பது. ஈரமான கட்டில் விரிப்பை இரண்டு பேர் சேர்ந்து இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் இடது மூலை, மற்றவர் வலது மூலை. மூலைகளைக் கவ்வியில் மாட்டியதும் இயந்திரம் அதை இழுத்துச் சூடான உருளைகளுக்குள் கொண்டுபோகும். உடனே அடுத்தது. மேலே ஒரு சின்னத் திரையில் எத்தனை விரிப்புக் கொடுத்தோம் என்று இலக்கம் ஓடும். அந்த இலக்கம் ஆளுக்கு அல்ல, சோடிக்கு. ஒருவர் பிந்தினால் இரண்டு பேரும் பிந்தின மாதிரி.

என் சோடி சிவபாலன். நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் நாங்கள் ஒன்றாக நின்றவர்கள். அங்கே குளிரில் நின்றோம், இங்கே சூட்டில் நிற்கிறோம், இருந்து செய்யத்தான் இன்னும் ஒரு வேலையும் கிடைக்கவில்லை என்று அவன் பகிடி விடுவான்.

வலது இடுப்பில் நோ தொடங்கி மூன்று வருடமாகிறது. முதலில் படியேறும்போது மட்டும் இருந்தது. பிறகு சப்பாத்து நாடா கட்டக் குனிய முடியவில்லை. யோகம் கட்டிவிட்டாள். பிறகு சும்மா நிற்கும்போதே காலின் உள்பக்கமாக முழங்கால்வரை இழுத்தது. எனக்குத் தெரிந்தது எல்லாம் நின்று செய்கிற வேலை. கால் போனால் வேலை போகும். ஐம்பத்தைந்து வயதில் அரைகுறை நோர்வேஜிய மொழியோடு வேறு வேலைக்கு எங்கே போவது என்பதுதான் என் பயம். நோவைவிட அந்தப் பயம் பெரிது.

அதனால் குளிசை குடித்தேன். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் அஸ்பிரின். ஊரில் தலையிடி, காய்ச்சல், பல்லுக்கொதி எல்லாவற்றுக்கும் அதுதான். அதை ஒரு மருந்து என்றே நான் நினைத்ததில்லை. ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பிப்பேன். நாளுக்கு இரண்டில் தொடங்கி எட்டில் வந்து நின்றது. ஒருநாள் நெஞ்செரிவு தாங்காமல் சாப்பாட்டை அரைவாசியில் விட்டு எழும்பினேன். யோகம் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினாள். இனித் தொடமாட்டேன் என்று முருகன் மேல் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். அடுத்த கிழமையிலிருந்து வேலைத்தலத்து அலுமாரியில், கையுறைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துக் குடித்தேன்.

குடும்ப வைத்தியர் படம் எடுக்க அனுப்பினார். இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் ஓர் எலும்புப் பந்தும்தான். இரண்டுக்கும் நடுவில் வழுக்கலான ஒரு படை இருக்க வேண்டும். எனக்கு அந்தப் படை தேய்ந்து போய்விட்டது. எலும்போடு எலும்பு உரசுகிறது. பந்தை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் புதிது வைக்க வேண்டும் என்றார். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எழுதினார். வரிசை நீளம், அடுத்த வருடம் கூப்பிடுவோம் என்று கடிதம் வந்தது.

வைத்தியர் ஒவ்வொரு முறையும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்பார். காசு கட்டத் தேவையில்லை. நான் ஒவ்வொரு முறையும் வேண்டாம், மகள் வருவாள் என்பேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஓஸ்லோவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். பல வருடத்துக்கு முன் ஒருமுறை எனக்கு மூல வருத்தம் என்று போனபோது ஒரு தமிழ் மனிதர் வந்து மொழிபெயர்த்தார். அடுத்த மாதம் கோயில் தேர் அன்று, சனத்துக்கு நடுவில் அவர் என்னைக் கண்டு, "இப்ப சுகமோ?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். பக்கத்தில் நின்றவர், "ஏன், உமக்கு என்ன?" என்றார். எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது. அதற்குப் பிறகு நான் மொழிபெயர்ப்பாளர் கேட்டதில்லை. எங்கள் ஆட்களில் பலர் இப்படித்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம்.

இலையுதிர்காலத்தில் எங்கள் மேலாளர் ஹில்டா என்னைக் கூப்பிட்டா. நல்ல மனுசி. சுற்றி வளைக்காமல் கதைப்பா. வைத்தியர் எனக்குச் சுகயீன விடுமுறை எழுதித்தர ஆயத்தமாக இருந்த நேரம் அது. விடுமுறையில் முதல் கொஞ்ச நாள் சம்பளம் கம்பனி கொடுக்க வேண்டும், பிறகு அரசாங்கம் கொடுக்கும். ஆனால் என் இடத்துக்கு ஒரு ஆளைப் பிடித்துப் பழக்குவதும், அந்த ஆள் பழகும்வரை இயந்திரம் மெதுவாக ஓடுவதும் கம்பனியின் நட்டம். அதனால் ஒரு முகவரோடு ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். லித்துவேனியாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு மாதத்தில் சத்திரசிகிச்சை. விமானம், கட்டில், பிறகு நடை பழக்குகிறவர்கள் எல்லாம் கம்பனி பொறுப்பு. இங்கே தனியாரில் செய்வதைவிட அது மலிவு, வரிசையில் நீ ஒரு வருடம் வீட்டில் இருப்பதைவிட இன்னும் மலிவு, உனக்கும் நல்லது என்று சொன்னா. மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. நீதான் முதல் ஆள், உனக்குச் சரிவந்தால் மற்றவர்களையும் அனுப்புவோம் என்றும் சொன்னா.

எனக்கு நோர்வேஜிய மொழியில் பிழையில்லாமல் சொல்ல வரும் சொல் 'யா' ஒன்றுதான், ஓம் என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

குரோருட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் அதற்கு ஒரு வழக்கே நடந்தது. மகள் அபிரா இங்கே பிறந்தவள், பாடசாலை ஆசிரியை.

"அப்பா, இது பிரிவில்லி. விருப்பமெண்டால் போகலாம், இல்லாட்டி விடலாம். உங்களைக் கட்டாயப்படுத்தேலாது," என்றாள்.

"கட்டாயப்படுத்தேல்லைப் பிள்ளை. கேட்டவ. நான் ஓம் எண்டிட்டன்."

"அவையள் கேட்டால் நீங்கள் எப்பதான் இல்லை எண்டிருக்கிறியள்?"

யோகம் வெங்காயத்தாள் வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தியை வைத்துவிட்டு, இங்கே சும்மா செய்கிற ஒப்பரேசனுக்கு ஏன் கடல் தாண்ட வேண்டும் என்று கேட்டாள். நான் சிவபாலனைப் பற்றிச் சொன்னேன். ஒரு வருடம் அவன் பழகாத ஆட்களோடு இழுபட வேண்டும், அவனுக்கும் தோள்மூட்டு நோகிறது என்றேன். என் வேலை போய்விடும் என்ற பயத்தைச் சொல்லவில்லை. அது அவர்களுக்குத் தெரியும்.

போகமுன் லித்துவேனியாவிலிருந்து ஒரு பெண் கணினி வழியாகக் கேள்விகள் கேட்டாள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஒழுங்கு செய்வார்கள். இது கம்பனி அனுப்புகிற ஆஸ்பத்திரி. கதைக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். அபிரா பக்கத்தில் இருந்தாள். யோகம் அடுப்படியில் நின்றாள். அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்க, அபிரா தமிழில் கேட்டாள். புகைப்பீர்களா? இல்லை. குடிப்பீர்களா? இல்லை. இரண்டும் உண்மை.

"நோவுக்கு ஏதும் குளிசை எடுக்கிறனீங்களோ அப்பா?"

யோகத்தின் முதுகைப் பார்த்தேன். "இல்லை," என்றேன்.

அடுத்த கேள்வியை அபிரா உடனே மொழிபெயர்க்கவில்லை. கணினியைப் பார்த்தபடியே, மெல்லிய குரலில், "மலம் கறுப்பாப் போறதோ எண்டு கேக்கினம்," என்றாள்.

போனது. இரண்டு மாதமாகத் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதை என் பெண்பிள்ளையிடம், சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சீ, இல்லைப் பிள்ளை," என்றேன். அவளும் அந்தக் கேள்வி முடிந்ததில் ஆறுதலடைந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைக் கடந்து போனோம்.

கார்த்திகை மாதம் தனியாகப் போனேன். துணைக்கு வருகிறவரின் செலவு ஏற்பாட்டில் இல்லை. யோகம் சிறுவர் காப்பகத்தில் துப்புரவு வேலை செய்கிறாள், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் என் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர் நின்றார். சக்கர நாற்காலியில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார். நகரத்தின் பெயர் கௌனாஸ். நான் பார்த்தது ஓர் ஆறும், மழையும், ஒரு பாலமும்தான்.

ஆஸ்பத்திரி சுத்தமாக இருந்தது. அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு நோர்வேஜியர், லொறி ஓட்டுகிறவர், முழங்காலுக்கு வந்திருந்தார். அவரையும் அவருடைய கம்பனிதான் அனுப்பியிருந்தது. "என் லொறியையும் திருத்துவதற்கு இந்தப் பக்கம்தான் அனுப்புவார்கள். கூலி குறைவு. இப்போது ஓட்டுகிறவனையும் அனுப்பியிருக்கிறார்கள்," என்று மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

அடுத்த நாள் காலை இரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் வைத்தியர் வந்தார், முகம் சரியில்லை. இரத்தத்தில் காற்றைச் சுமந்துகொண்டு போகிற ஒரு சிவப்புப் பொருள் இருக்கிறது. அது எனக்கு இருக்கவேண்டிய அளவைவிட நன்றாகக் குறைந்திருந்தது. எங்கேயோ இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, எங்கே என்று தெரியாமல் இடுப்பை வெட்ட மாட்டேன் என்றார். அதை ரூட்டா என்ற தாதி கைத்தொலைபேசியில் மொழிபெயர்ப்பை அழுத்தி எனக்குச் சொன்னாள். அது, "தங்கள் மலம் கருநிறமாக வெளியேறுகிறதா?" என்று கோயில் அறிவிப்பாளர் மாதிரிக் கேட்டது. எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. இல்லை என்று தலையாட்டினேன். பிறகு தொலைபேசியில் அபிராவைக் கூப்பிட்டார்கள். அவள் வகுப்பறைக்கு வெளியே நின்று அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டாள். நான் அதே பதில்களைத் திரும்பச் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு அப்படியே கிடந்தேன். மூன்று தரம் கேட்டுவிட்டார்கள், மூன்று தரமும் பொய் சொல்லிவிட்டேன். சத்திரசிகிச்சை நின்றுபோனால் கம்பனிக்கு என்ன சொல்வது என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. பிறகு, இந்த ஊரில் செத்துப்போனால் யோகத்துக்கு யார் எந்த மொழியில் சொல்வார்கள் என்று யோசித்தேன். சாயங்காலம் ரூட்டா காய்ச்சல் பார்க்க வந்தாள். நான் பையைத் திறந்து, வேலைத்தலத்திலிருந்து கொண்டுவந்த கையுறைப் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் குளிசை அட்டையைத் திருப்பிப் பெயரை வாசித்தாள். அந்தப் பெயர் எல்லா மொழியிலும் ஒன்றுதான். எத்தனை என்று கையால் கேட்டாள். எட்டு விரல் காட்டினேன். ஒரு கிழமைக்கா என்று கேட்டாள் போலிருக்கிறது. சன்னலுக்கு வெளியே இருட்டைக் காட்டி, ஒரு விரலால் ஒரு வட்டம் போட்டேன். ஒரு நாளைக்கு. அவள் ஏசவில்லை. கட்டிலின் ஓரத்தில் இருந்து, என் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். நாடி பார்த்தாளா, சும்மாதான் பிடித்தாளா தெரியாது.

மறுநாள் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குழாயின் நுனியில் விளக்கும் கமராவும் இருக்கிறது. விழுங்கு, விழுங்கு என்பார்கள். கண்ணால் தண்ணீர் ஓடும், வேறு ஒன்றுமில்லை. இரைப்பையில் புண். அதிலிருந்து துளித்துளியாக இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அஸ்பிரின் இரைப்பையின் தோலை அரிக்கும், இரத்தம் உறையவும் விடாது. கசிந்த இரத்தம் குடலில் இறங்கும்போது கறுத்துப்போகும். அந்தக் கறுப்பைத்தான் எல்லோரும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். புண்ணில் ஒரு சின்னக் கவ்வி போட்டு இரத்தத்தை நிறுத்தினார்கள். ஒரு பை இரத்தம் ஏற்றினார்கள். இந்த நிலையில் இடுப்பை வெட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வைத்தியர் சொல்லவில்லை, கையை மட்டும் விரித்தார்.

முகவர் தொலைபேசி எடுத்து, இது வேறு வருத்தம், ஒப்பந்தத்தில் இல்லை என்றார். பிறகு ஹில்டா எடுத்தா. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ படு என்றா. அந்தக் குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. அவவுக்கும் மேலே கணக்குக் கேட்கிறவர்கள் இருப்பார்கள்.

யோகத்துக்கு நானே எடுத்துச் சொன்னேன்.

"முருகன் மேலை எல்லே சத்தியம் பண்ணினனீங்கள்," என்றாள்.

"ஓம்."

"சரி. சாப்பிட்டனீங்களே?"

சனிக்கிழமை அபிரா வந்து இறங்கினாள். பையில் குரக்கன் மாவும் ஒரு சின்னச் சட்டியும். தாதிகளின் குசினியில் கேட்டு, தகப்பனுக்கு இரைப்பைப் புண் என்று சொல்லி, தானே கஞ்சி காய்ச்சினாள். கட்டி பட்டுப் போயிருந்தது. லொறிக்காரரும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்து, சீமெந்துக் குழையல் மாதிரி இருக்கிறது என்றார். அபிரா சிரித்தாள். அவர் நடை பழகப் போனதும் சிரிப்பை நிற்பாட்டினாள்.

"அப்பா, நான் கேட்டபடியாத்தானே நீங்கள் சொல்லேல்லை?"

நான் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். "ஓம்," என்றேன்.

"எனக்கும் அதைக் கேக்க விருப்பமில்லை. நீங்கள் இல்லை எண்டோணும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் கேட்டனான். பதினொரு வயசிலை இருந்து உங்கள் ரெண்டு பேருக்கும் கதைச்சுக் குடுக்கிறன். வைத்தியரிட்டை, வங்கியிலை, எல்லா இடத்திலையும். நான் உங்கடை மகள் அப்பா. எனக்கு மகளாய் மட்டும் இருக்க வேணும்."

அவள் அழவில்லை. நானும் இல்லை. கஞ்சியை முடித்துவிட்டு, நல்லாயிருக்குப் பிள்ளை என்றேன். கட்டி கட்டியாக இருந்தாலும் அது நல்லாய்த்தான் இருந்தது.

பழைய இடுப்போடேயே ஓஸ்லோவுக்குத் திரும்பினேன். புண் ஆறியதா என்று பார்க்க இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் நாள் தந்தார்கள். கடிதத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று ஒரு கட்டம் இருந்தது. ஆம் என்பதில் நானே புள்ளடி போட்டேன். யோகத்திடம்கூடக் கேட்கவில்லை.

அன்று காத்திருக்கும் அறையில் வந்து என் பெயரைக் கேட்டவர் அதே மனிதர். தேர் அன்று சுகம் விசாரித்தவர். தலை நரைத்திருந்தது. எழும்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். என்னால் அவ்வளவு வேகமாக எழும்பவும் முடியாது.

உள்ளே போனதும் அவர் முதலில் வைத்தியருக்கு ஒன்றைச் சொன்னார், பிறகு அதையே எனக்குத் தமிழில் சொன்னார். "இஞ்சை கதைக்கிறது ஒண்டும் வெளியிலை போகாது. நீங்கள் சொல்லுறதை நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

வைத்தியர் கேட்டார். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் சொற்களை 'நான்' என்றே நோர்வேஜிய மொழியில் சொன்னார். அது அவர்களுடைய முறையாம். நான் நாளுக்கு எட்டுக் குளிசை குடித்தேன். என் மலம் இரண்டு மாதம் கறுப்பாக இருந்தது. நான் மனைவிக்கு ஒளித்தேன். கரகரப்பில்லாத, தெளிவான அந்தக் குரலில் கேட்க, அது யாரோ ஒருவருக்கு வந்த சாதாரண வருத்தம் மாதிரி இருந்தது. வைத்தியரும் சாதாரணமாகத்தான் எழுதிக்கொண்டார். இதற்கா இவ்வளவு நாளும் பயந்தேன் என்று நினைத்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அவரைக் கண்டேன். எல்லோருக்கும் ஆட்டுவது போல எனக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

புண் ஆறியது. தை பிறந்ததும் ஹில்டா மறுபடி கூப்பிட்டா. லித்துவேனியாவில் என்னை ஏற்கத் தயாராம், இங்கே வரிசை இன்னும் அப்படியேதான். போகிறாயா? நான் அதற்கு முதல்நாள் ஒரு வசனத்தைப் பாடமாக்கி வைத்திருந்தேன். கைகளை மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டு சொன்னேன்: மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போவேன், இல்லாவிட்டால் இங்கே காத்திருப்பேன். மகள் இருக்கிறாளே என்று ஹில்டா கேட்டா. அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தேன். "நை," என்றேன். பதினெட்டு வருடத்தில் அந்த அறையில் நான் இல்லை என்று சொன்னது அன்றுதான். ஹில்டா பேனையை எடுத்து எழுதிக்கொண்டா. முகவர் முதலில் முடியாது என்றாராம். இன்னொரு ஆளும் இப்படிப் பாதியில் திரும்பி வந்தால் அதைவிடச் செலவு என்று ஹில்டா சொன்னாவாம். மூன்று கிழமையில் சரியென்று பதில் வந்தது.

பங்குனியில் போனேன். கேள்விகள் எல்லாம் தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பெண்மணி வழியாக வந்தன. எந்த ஊர் என்று நானும் கேட்கவில்லை, அவவும் கேட்கவில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டார்கள். நித்திரையும் விழிப்புமாகக் கிடந்தபோது தச்சுப் பட்டறைச் சத்தம் கேட்டது. அது என் எலும்பு என்று பிறகுதான் விளங்கியது. அடுத்த நாளே நடக்க வைத்தார்கள். அங்கே இருந்த பத்து நாளும் தனிமைதான். யோகம் தினமும் தொலைபேசியில் கோயில் மணியைக் கேட்கவிட்டாள். மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். கம்பனி எதிர்பார்த்த நாளுக்கு இரண்டு நாள் முந்தி. கால் இப்போது நோவதில்லை. இதையும் சொல்லவேண்டும், அதுதான் நியாயம்.

இப்போது கம்பனி எல்லோருக்கும் இந்த வசதி என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறது. அதில் என்னால் வந்த ஒரு கட்டம் இருக்கிறது: மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, வேண்டாமா. தோள்மூட்டுக்குச் சிவபாலனின் முறை வந்தது. இன்று சாப்பாட்டு நேரத்தில், வாயில் பாணை வைத்துக்கொண்டே, வேண்டாம் என்பதில் புள்ளடி போடப் போனான்.

"ஏன்ரா?" என்றேன்.

"வாறவன் ஆரெண்டு தெரியுமே மச்சான்? நாளைக்குக் கோயில் முழுக்க என்ரை தோள்மூட்டுக் கதைதான். என்ரை மகள் இருக்கிறாள். நல்லாக் கதைப்பாள்."

"அவள் கதைப்பாள். நீ கதைக்கமாட்டாய்."

"எனக்கென்ன, உன்னை மாதிரிக் கூச்சமே?" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

அவன் பக்கத்தில் நகர்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "மயக்க மருந்து குடுக்கமுன்னம், ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறனி எண்டு கேப்பினம். மயக்கம் அதைப் பொறுத்ததாம். அதை உன்னட்டைக் கேக்கப் போறது உன்ரை மகள். என்ன சொல்லுவாய்?"

மீன் தொழிற்சாலைக் காலத்திலிருந்து நான் அவன் பக்கத்தில் நிற்கிறேன். காலையில் அவன் மூச்சில் வருகிற மணம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். இவ்வளவு காலமும் நாங்கள் அதைக் கதைத்ததில்லை.

அவன் மெல்லுவதை நிற்பாட்டினான். என்னைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்தது. பேனையை மூடினான். தாளை நாலாக மடித்து மேல்சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு இயந்திரத்தடிக்குப் போய், அவன் இடது மூலையையும் நான் வலது மூலையையும் பிடித்தோம்.

படிவத்தை வெள்ளிக்கிழமைக்கு முன் கொடுக்க வேண்டும். இன்று புதன்.